தினமும் ஓட்டும் காருக்குப் பெரிய டர்போ: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என்னிடம் இருப்பது 2017-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230. வீட்டில் இது ஒன்றுதான் கார். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவது, சரவணம்பட்டியிலிருந்து கிளம்பி அவிநாசி ரோடு நெரிசலுக்குள் புகுந்து வேலைக்குப் போவது, அவ்வப்போது ஊட்டி, அம்மாவைப் பார்க்கத் திருச்சி, எல்லாமே இதில்தான். இந்தக் காரின் டர்போவை (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) மாற்றப் போய்க் கிட்டத்தட்ட அரை வருடம் அலைந்தேன். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் எந்தப் பலனும் இல்லாமல் போனது. தேடிப் பார்த்தால் எத்தனை குதிரைசக்தி வந்தது, எத்தனை விநாடியில் நூறைத் தொட்டது என்ற காணொளிகள்தான் கிடைக்கின்றன. அந்த வண்டி ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது, மலை ஏறியதா, மழையில் நின்றதா என்ற விவரம் கிடைப்பதில்லை. எனக்குத் தேவைப்பட்டது அதுதான். இன்னொருவருக்கும் தேவைப்படும் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இது 2 லிட்டர் பெட்ரோல், வோக்ஸ்வேகன் குழுமத்தின் இஏ888 மூன்றாம் தலைமுறை இன்ஜின். கம்பெனியிலிருந்து வரும்போது 230 பிஎஸ் சக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும், அதுதான் இந்த வண்டியின் சுகம். டர்போ ஐஎச்ஐ தயாரிப்பு, ஐஎஸ்20 என்பார்கள். இதே குடும்ப இன்ஜின் கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 வண்டிகளில் ஐஎஸ்38 என்ற பெரிய டர்போவோடு 300 பிஎஸ் தருகிறது. இந்தத் தலைமுறையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்த்தொகுதி) சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் டர்போ நேராக ஹெட்டில் உட்காரும். இரண்டு டர்போவும் ஒரே இடத்தில்தான் மாட்டும். அதனால் யாரைக் கேட்டாலும் "பழசைக் கழட்டிப் புதுசை மாட்டினா முடிஞ்சது" என்பார்கள். மாட்டும், அது உண்மை. ஆனால் கோல்ஃப் ஆர் இன்ஜினில் பிஸ்டன் வேறு. சிலிண்டர் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற அழுத்த விகிதம் அதில் 9.3, நம்முடையதில் 9.6. கேட்க அற்ப வித்தியாசம்தான். ஏப்ரல் மாத வெயிலில், சுமாரான பெட்ரோலில், முழு பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) அந்த வித்தியாசம் நாக்கிங்காக, அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டலாக, வெளியே வரும்.

நான் வாங்கியபோதே முந்தைய உரிமையாளர் ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது பாகங்களை மாற்றாமல் இன்ஜின் மென்பொருளை மட்டும் மாற்றுவது, செய்திருந்தார். 420 நியூட்டன் மீட்டர் என்று அதற்கான தாளில் இருந்தது. சின்ன டர்போவை அதன் எல்லை வரை தள்ளிவிட்டால் ஓட்ட மிக நன்றாக இருக்கும், டர்போவின் ஆயுள்தான் குறையும். எண்பதாயிரம் கிலோமீட்டரை ஒட்டி ஒரு சர்வீஸில் ஏர் பைப்பைக் கழற்றியபோது, காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் தண்டு ஆடுவது தெரிந்தது. இங்கே ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டு பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், அது ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது, ஆயில் இல்லாமல் கையால் ஆட்டினால் கொஞ்சம் அசையத்தான் செய்யும். நீளவாக்கில், அதாவது உள்ளே தள்ளினால் போய் இழுத்தால் வருகிற மாதிரி ஆடினால் தண்டை நீளவாக்கில் நகராமல் பிடித்திருக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். எனக்கு இரண்டாவது வகை. எப்படியும் டர்போ மாற்றியாக வேண்டும் என்ற நிலை. புது ஐஎஸ்20-க்கும் ஐஎஸ்38-க்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "எப்படியும் செலவு பண்ணப் போற, பெரிசாவே போட்டுடு" என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் ஆபத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே.

நான் வேலை பார்ப்பது பம்ப் தயாரிக்கும் கம்பெனியில், அதனால் எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்கிறேன். போர்வெல்லில் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது, எத்தனை அடி தூக்க வேண்டும் என்று பார்த்துத்தான் பம்ப் எடுப்போம். ஹெச்பி அதிகம் என்பதற்காக எடுத்தால் மோட்டார்தான் எரியும். டர்போவின் கம்ப்ரஸருக்கும் பம்பைப் போலவே ஒரு மேப் உண்டு. ஒரு பக்கம் காற்றின் ஓட்டம், இன்னொரு பக்கம் அழுத்த விகிதம், நடுவில் திறன் அதிகமாக இருக்கும் பகுதி. இடது ஓரத்தைத் தாண்டினால் காற்று பின்னுக்கு அடிக்கும், அதுதான் சர்ஜ். வலது ஓரத்துக்குப் போனால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும். சின்ன ஐஎஸ்20-ஐ 6,000 ஆர்பிஎம்மில் முழு பூஸ்டில் ஓட்டினால் அது வலது ஓரத்தில்தான் திணறிக்கொண்டிருக்கும். பெரிய ஐஎஸ்38 அதே வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். ஆனால் அது முழு பூஸ்டுக்கு வரவே ஏறக்குறைய 3,000 ஆர்பிஎம் ஆகும்.

ஆகவே டர்போ தேடுவதற்கு முன்னால் உங்கள் வண்டி நாள் முழுக்க எந்த ஆர்பிஎம்மில் இருக்கிறது என்று பாருங்கள். காரின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகிச் சில நாள் பதிவு செய்தால் போதும். நான் பிற்பாடு இதைச் செய்து பார்த்தேன். ஊருக்குள், தானாகவே கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் வழக்கமான டி மோடில் 1,400-க்கும் 2,300-க்கும் நடுவிலேயே வண்டியை வைத்திருக்கிறது. பெரிய டர்போவுக்கு உயிர் வருவதற்கு முன்பே கியர் மாறிவிடுகிறது. சிக்னலில் முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டும் என்றால், முன்பு லேசாக மிதித்தால் போன வண்டி இப்போது ஒரு கணம் யோசித்துவிட்டுப் போகும். கோவையில் ஓட்டம் முழுக்க ஊருக்குள்தான் என்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்கிறேன், புது ஐஎஸ்20 போட்டு, நிதானமான ரீமேப் செய்து நிம்மதியாக ஓட்டுங்கள். ஐஎஸ்20 கூட்டுக்குள்ளேயே கொஞ்சம் பெரிய சக்கரம் வைத்த ஹைப்ரிட்களும் உண்டு. அதில் யார் செய்தது, சமநிலைப் பரிசோதனைத் தாள் இருக்கிறதா என்பதுதான் எல்லாம். இதற்கும் மேலே தனி மேனிஃபோல்டு அமைப்போடு வருகிற, கேரட் என்ற கம்பெனியின் பெரிய டர்போ வகைகளை அன்றாட வண்டிக்கு நான் பரிசீலிக்கவே இல்லை.

சரி, நான் வாங்கியது என்ன? இறக்குமதி செய்து பிரித்து விற்கிற ஒருவரிடமிருந்து பழைய ஐஎஸ்38. "எஸ்3-லிருந்து கழட்டினது, இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று போட்டோ அனுப்பினார். எண்பதாயிரம் ரூபாய். புதியது வரவழைத்தால் சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சத்தைத் தொட்டது. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. வந்த பெட்டியைத் திறந்தால் சுத்தமாகக் கழுவித் துடைத்த டர்போ. பாக எண் பொறித்த தகடு மட்டும் இல்லை. கழற்றும்போது விழுந்திருக்கும் என்றார். இந்தத் தகடு ரொம்ப முக்கியம். ஆரம்பத்தில் வந்த ஐஎஸ்38-கள் சீக்கிரம் உடைவதாக உலகம் முழுக்க இந்த வண்டிக்காரர்களிடம் பேச்சு உண்டு. அப்புறம் பாகத்தைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார்கள், எண்ணின் கடைசி எழுத்து மாறிக்கொண்டே வந்தது. தகடு இல்லையென்றால் அது எந்தத் தலைமுறை, எந்த வண்டி, எதுவும் தெரியாது. போலிகளும் இந்தச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. தகடு இல்லாத டர்போவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒரு கடையில் மாட்டினேன், வேறு ஒருவரிடம் ரீமேப் செய்தேன். மாட்டக் கூலி, ஆயில், கேஸ்கட் எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரம், ரீமேப் அறுபதாயிரம். முதல் சில வாரங்கள் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தேன், மறைக்க விரும்பவில்லை. சேலம் போகும் வழியில் நாலாவது கியரில் முந்தும்போது வண்டி போன போக்கு வேறு. கூட உட்கார்ந்திருந்த மனைவி "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று சொன்னாலும் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பகல் வெயிலில் இழுவை குறைவதைக் கவனித்தேன். வெயில் காலத்தில் எல்லா வண்டியும் அப்படித்தான் என்றார்கள். ஒரு வகையில் உண்மை என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ஊட்டி. மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறும் தாண்டி, குன்னூரை நெருங்கும் ஏற்றத்தில் ஒரு லாரியை முந்த மிதித்தேன். போலீஸ் ஜீப்பின் சைரன் மாதிரி மெல்லிய ஒரு ஊளைச் சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. கூடவே டர்போ போனது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை சாலையையே மறைத்திருந்தது. இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போனது. பின் சீட்டில் பிள்ளை. வளைவுக்கு முன்னால் ஓரம் கிடைத்த இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நீலப் புகை வந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். டர்போ சீல் போய் இன்ஜின் ஆயில் காற்றுப் பாதைக்குள் கொட்டுகிறது, ஓட்ட ஓட்ட இன்ஜினே ஆயில் இல்லாமல் போய்விடும். பிளாட்பெட் ரெக்கவரி வண்டி மலை ஏறி வர மாலை ஆகிவிட்டது. மனைவியையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் காரோடு இறங்கினேன். அன்று எனக்கு வந்த கோபமும் பயமும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதற்கடுத்த வாரங்கள் அதைவிடக் கொடுமை. விற்றவர் "மாட்டினதுல தப்பு, ஆயில் போகாம ஓட்டியிருக்காங்க" என்றார். மாட்டியவர் "பழைய டர்போ, நான் என்ன செய்ய" என்றார். ரீமேப் செய்தவர் "பெட்ரோல் சரியில்லை" என்றார். மூன்று பேருமே அடுத்தவரைக் கைகாட்ட வழி இருந்தது, ஏனென்றால் மூன்று வேலையும் மூன்று இடத்தில் நடந்தது. ஒருவரும் ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை. காருக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டே ஆட்டோவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினேன். டர்போ, பொருத்துதல், மென்பொருள் மூன்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும், அதைத் தாளில் எழுதித் தர வேண்டும். ஐந்தாயிரம் பத்தாயிரம் அதிகமானாலும் கொடுங்கள். இந்த ஒன்று இருந்திருந்தால் என் இழப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

கணபதி பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கடைசியில் வண்டி போய்ச் சேர்ந்தது. அவர் டர்போவைக் கழற்றி மேஜையில் வைத்துக் கம்ப்ரஸர் பக்கத்தைக் காட்டினார். சக்கரத்தின் இறகுகளின் நுனி கூட்டில் உரசி, பளபளவென்று மழுங்கியிருந்தது. கூட்டின் உட்புறம் வட்டமாக ஒரு கீறல். "தம்பி, இந்த அலுமினியம் எங்க போச்சுன்னு யோசிச்சீங்களா?" என்றார். நான் யோசிக்கவில்லை. அவர் இன்டர்கூலரை (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கழற்றிச் சாய்த்தார், கறுப்பு ஆயிலோடு வெள்ளித் தூள் வந்தது. இன்டர்கூலருக்குள் போன உலோகத்தூளை முழுசாகக் கழுவ முடியாது. கழுவிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி ஆயில் ஸ்ட்ரெய்னரைப் பார்த்தார், பில்டரை வெட்டிப் பார்த்தார், போர் கேமரா விட்டு நாலு சிலிண்டரின் சுவரையும் பார்த்தார். நல்லவேளையாக இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் ஆயில் படிந்திருந்தது, அது பிழைத்துக்கொண்டது. இந்தச் சோதனைகளைச் செய்யாமல் அடுத்த டர்போவை மாட்டினால் அதுவும் போகும்.

ஏன் உடைந்தது என்பதற்கு விடை ரீமேப்பின் பதிவுகளில் இருந்தது. அண்ணனும் அவருக்குத் தெரிந்த ஒரு டியூனரும் சேர்ந்து எனக்கு அதைப் படிக்கக் கற்றுத்தந்தார்கள். மாட்டிய புதிதில் மூன்றாவது கியரில் 2,500-இலிருந்து 6,500 வரை இழுத்த ஒரு பதிவு கைவசம் இருந்தது. உள்ளே போகும் காற்றின் வெப்பம் 44 டிகிரியில் தொடங்கி 70-ஐத் தாண்டியிருந்தது, ஏனென்றால் இன்டர்கூலர் பழையதேதான். ஒரு சிலிண்டரில் இக்னிஷன் டைமிங்கை ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி) ஆறு டிகிரி பின்னுக்கு இழுத்திருந்தது, அது நாக்கிங் வந்ததன் அடையாளம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் எரிபொருள் ரெயிலில் 200 பார் கேட்ட இடத்தில் 150-ஐ ஒட்டித்தான் அழுத்தம் இருந்தது. அதாவது உயர் அழுத்த பம்பின் சக்தி தீர்ந்துபோயிருந்தது. இந்த மூன்று எண்களும் டெலிவரி எடுத்த அன்றே அந்தக் கோப்பில் இருந்தன. ஒருவரும் பார்த்துச் சொல்லவில்லை. ரீமேப் முடிந்ததும் சக்தியை அளந்த டைனோ தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பூஸ்ட் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, காற்றின் வெப்பம், நாலு சிலிண்டரின் டைமிங் திருத்தம், ரெயில் அழுத்தம் இவ்வளவையும் கோப்பாகக் கேளுங்கள்.

மலையில் உடைந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, இதை நம் ஊரில் பேசுவோர் மிகக் குறைவு. ஈசியு குறிவைப்பது மொத்த அழுத்தத்தை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தமும் டர்போ கூட்டுவதும் சேர்ந்ததை. என் ரீமேப் 2.4 பார் மொத்த அழுத்தம் கேட்டது. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம்தான், வெளிக்காற்று ஏறக்குறைய 0.96 பார் இருக்கும். ஆகவே டர்போ இரண்டரை மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே வெளிக்காற்று 0.77 பார்தான். அதே 2.4 வேண்டுமென்றால் மூன்று மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான், அதற்கும் மேலே விரட்டினால் என்ன ஆகும்? கம்பெனி மென்பொருளில் இதற்கென்று வரம்பு வைத்திருப்பார்கள். உயரம் ஏற ஏற பூஸ்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். என்னுடைய ரீமேப்பில் அந்த வரம்பை எடுத்துவிட்டிருந்தார்கள். சமவெளியில் மட்டும் ஓட்டினால் ஒருவேளை தெரியாமலேயே போயிருக்கும். கோவை, திண்டுக்கல், சேலம் பக்கம் இருக்கிற நாம் நீலகிரியும் கொடைக்கானலும் ஏற்காடும் ஏறாமல் இருப்போமா? டியூனரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "உயரத்துக்கான அழுத்த விகித வரம்பைத் தொட்டிருக்கிறீர்களா?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது முறை தேர்வு செய்ய நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன். திரும்ப ஐஎஸ்20-க்கே போய்விடலாமா என்று பல நாள் யோசித்தேன். என் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையும் மலையும். சின்ன டர்போவை முழு மூச்சில் விரட்டுவதைவிடப் பெரிய டர்போவைப் பாதி மூச்சில் ஓட்டினால் காற்று குளிர்ச்சியாக இருக்கும், டர்போவும் நீடிக்கும். கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் சோம்பலை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆகவே புத்தம் புதிய, கடைசித் திருத்த எழுத்து கொண்ட அசல் ஐஎஸ்38. அதோடு பெரிய இன்டர்கூலர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு கூடிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்), சூட்டை வேகமாகக் கடத்தும் ஒரு படி குளிர்ந்த ரக பிளக்குகள், புது ஆயில் லைன், கூலன்ட் லைன், கியர்பாக்ஸ் சர்வீஸ், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மென்பொருள். எல்லாம் சேர்ந்து நாலரை லட்சத்தைத் தாண்டியது. டர்போ அதில் ஒன்றே முக்கால்தான். டர்போவின் விலையைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானே என்று இறங்குகிறவர்கள் அதை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு கையில் இல்லையென்றால் டர்போவை விட்டுவிட்டு இன்டர்கூலரையும் பிளக்கையும் மட்டும் மாற்றுங்கள். வெயிலில் இழுவை குறைவது அதிலேயே பெரும்பாலும் சரியாகும்.

கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. என்னுடையது டிக்யூ250, ஆறு கியர், ஆயிலில் மூழ்கிய கிளட்ச். 350-லிருந்து 400 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைத்தது, நல்ல மென்பொருள் இருந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் தாங்குகிறது. அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் பில்டரும் கட்டாயம். 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியா வைத்திருக்கிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பெரிய டர்போ தேட வேண்டாம். அதில் இருப்பது டிக்யூ200, உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டருக்கான பெட்டி. அதில் டர்போவுக்கு முன்னால் கியர்பாக்ஸ்தான் போகும்.

மாட்டுகிற அன்று நாள் முழுக்கக் கூடவே இருந்தேன். அண்ணன் ஆயில் போகும் குழாயை மாட்டும் முன் டர்போவின் ஆயில் துளையில் சிரிஞ்சால் புது ஆயிலைச் செலுத்தி, சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினார். மறுபடி ஆயில், மறுபடி சுற்று. எல்லா காப்பர் வாஷரும் புதிது, ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகள் எல்லாம் புதிது. பிறகு காயில், இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் ஓடவிட்டு ஆயில் அழுத்தம் வரும் வரை காத்திருந்தார். "நட்டை முறுக்கறது பெரிய வேலை இல்லைங்க தம்பி. முதல் பத்து செகண்டு ஆயில் இல்லாம சுத்துச்சுன்னா ரெண்டு லட்சம் அங்கயே போச்சுங்க." இந்த டர்போவில் வேஸ்ட்கேட்டை (புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) மின்மோட்டார் ஒன்றுதான் திறந்து மூடுகிறது. அதன் கம்பியின் நீளத்தை ஸ்கேனரில் வோல்டேஜ் பார்த்துச் சரிசெய்து, ஈசியுவுக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். முதல் முறை மாட்டியவர் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. உங்கள் மெக்கானிக்கிடம் இந்த இரண்டையும், அதாவது ஆயில் நிரப்பலையும் வேஸ்ட்கேட் அளவையும், எப்படிச் செய்வார் என்று முன்கூட்டியே கேளுங்கள். பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மென்பொருளுக்கு நான் வைத்த நிபந்தனை, எந்த பங்க்கிலும் கிடைக்கும் 95 ஆக்டேன் பெட்ரோலுக்கே எழுத வேண்டும் என்பது. எக்ஸ்பி100 மாதிரியான உயர்தர பெட்ரோல் சில ஊர்களில், சில பங்க்குகளில்தான் கிடைக்கும். திருச்சி போகிற வழியில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் அதே சக்திக்கு அதிக லிட்டர் செலுத்த வேண்டும், ஏற்கெனவே மூச்சு வாங்கும் பம்புக்கு அது கூடுதல் சுமை. அதனால் ரெயில் அழுத்தம் எந்த ஆர்பிஎம்மிலும் குறையாத அளவுக்கே சக்தியைக் கூட்டச் சொன்னேன். டார்க்கை 430-க்கு மேல் விடவில்லை, 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே மெதுவாக ஏறும்படி வைத்தோம். இன்ஜினில் ஏறக்குறைய 320 பிஎஸ் என்று கணக்கு. இதே டர்போவில் 370-க்கு மேல் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஐம்பது வேண்டாம்.

இப்போது இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஊருக்குள் பழைய சுறுசுறுப்பு இல்லை, கியரைத் தாமதமாக மாற்றும் எஸ் மோடுக்கு மாற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. நெடுஞ்சாலையில் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஊட்டிக்குப் பலமுறை போய்வந்தாயிற்று, மேலே போகப் போக பூஸ்ட் குறைவது அளவியில் தெரிகிறது, எனக்கு அது நிம்மதி. ஆயிலை 15,000 வரை விடுவதில்லை, 7,500-க்கு ஒருமுறை மாற்றுகிறேன். வோக்ஸ்வேகனின் 502 00 தரம் எழுதியிருக்கும் 5டபிள்யூ-40 ஆயில்தான் ஊற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் ஏர் பைப்பைக் கழற்றித் தண்டு நீளவாக்கில் ஆடுகிறதா என்று பார்க்கிறோம், மூன்றாவது கியரில் ஒரு பதிவு எடுத்துப் பழைய பதிவோடு ஒப்பிடுகிறோம். மலை ஏறி முடித்ததும் கடைசி இரண்டு கிலோமீட்டர் மிதிக்காமல் வந்து நிறுத்துகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால் விபத்து நேரத்தில் கிளெய்ம் சிக்கலாகும். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் டீலரின் கணினியில் மென்பொருள் மாறியது பதிவாகி, டிடி1 என்ற குறியீடு விழும், அதன்பின் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், ஏனென்றால் இழப்பு வந்தால் வீட்டுக்கே வருகிறது.

கடைசியாக, பழைய டர்போவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடைய ஐஎஸ்20-க்கு நடுப்பாகத்தை மட்டும் மாற்றி, சமநிலை பார்த்து, டப்பாவில் கட்டி வைத்திருக்கிறேன். பழைய மென்பொருளின் நகலும் கையில் இருக்கிறது. வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்டால் ஒரே நாளில் கம்பெனி நிலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.